இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்கள்

பங்குனி 10, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல.

புதுக் கொப்பி. முதல் பக்கமே கோணல். பொறுத்துக்கொள் கொப்பியே. சில எழுத்து பெரிது, சில சிறிது, எதுவும் கோட்டில் நிற்கிறதில்லை. வலைக்கயிறு இழுத்த விரல்கள், பேனாவை நெரிக்கின்றன. இவ்வளவு எழுத அரை மணித்தியாலம்.

பெயர்: சூசைப்பிள்ளை. வயது: எழுபத்து நான்கு. ஊர்: மயிலிட்டி. எல்லாம் நானே எழுதியது. ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை.

இன்று வாசித்தவை:
பஸ்ஸின் நெற்றியில் ‘யாழ்ப்பாணம்’. பஸ் நிற்கும் முன்னமே வாசித்துவிட்டேன்.
சவர்க்கார உறை, இரண்டு பக்கமும்.
தேத்தண்ணிக் கடைச் சுவரில் ‘இங்கே துப்ப வேண்டாம்’. அதன் கீழே நின்று பிலிப்பு துப்பிக்கொண்டிருந்தான். வாசித்துச் சொன்னேன். “உது எனக்குத் தெரியாதோ அண்ணை? தெரிஞ்சுதான் துப்புறன்” என்றான்.
சேமக்காலையில் மனைவியின் கல்லறைக் கல். ஆறு வருடமாக வேப்பமரத்தை அடையாளம் வைத்துத்தான் போவேன். இன்று மரத்தைப் பார்க்கவில்லை. மரியம்மா. ஐந்து எழுத்து. விரலால் தடவினேன்.

கை வலிக்கிறது. சந்தோசம்.

பங்குனி 11, புதன்

வெயில். மூன்று மணிக்கு வகுப்பு, கோயில் மண்டபம்.

படிப்பிப்பது ஜெசிந்தா. அந்தோனியின் மகள். காலையில் பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு, பின்னேரம் எங்களுக்கு. ஒன்றரை வருடமாக ஒரு சதம் வாங்காமல். நான் ‘ழ’ எழுதப் பட்ட பாட்டுக்கு வேறு யாரும் என்றால் வகுப்பிலிருந்து கலைத்திருப்பார்கள்.

இன்று புதிதாய் இரண்டு பெண்கள். புது ஆள் வந்தால் அவள் ஒரு கதை சொல்லுவாள். இன்றும் சொன்னாள்.

“இந்த வகுப்பு ஏன் துவங்கினது தெரியுமோ? எங்கடை அப்பா வலை களவெடுத்தவர் எண்டு ஒரு கடுதாசி எழுதி, சூசை ஐயாவிட்டைக் கைநாட்டு வாங்கினவை. அதிலை என்ன கிடக்கு எண்டு பாவம் இவருக்குத் தெரியாது. எழுத்துத் தெரிஞ்சிருந்தால் வைச்சிருப்பாரோ? இனி இந்த ஊரிலை ஒருத்தரும் வாசிக்காமல் கைநாட்டு வைக்கக்கூடாது.”

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நான் கொப்பியைப் பார்த்தேன்.

வகுப்பு முடிய ஒரு தாள் தந்தாள். “ஞாயிறு பூசையிலை இரண்டாம் வாசகம் வாசிக்கிறது நீங்கள்தான் ஐயா. சுவாமியிட்டைக் கேட்டுப்போட்டன். எங்கடை வகுப்பிலை முதல் ஆள்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும். வேறு காரணம்.

பங்குனி 12, வியாழன்

காலையிலிருந்து வாசகம். பதினொரு தரம். இப்போது தடங்கல் இரண்டு இடத்தில்தான்.

அதில் வருவது: முன்பு நாம் இருட்டாய் இருந்தோம், இப்போது ஆண்டவருக்குள் வெளிச்சம், அப்படியே நடக்கவேண்டும். மறைவில் செய்த காரியங்களைச் சொல்லவும் வெட்கம். ஆனாலும் மூடி வைக்கக்கூடாது, வெளிச்சத்தில் வைக்கவேண்டும்.

நேற்றுவரை கோயிலில் இதையெல்லாம் காதால் கேட்டவன். காதால் கேட்டது போய்விடும். வாசித்தது போகாமல் அங்கேயே நிற்கிறது. திரும்பிப் பார்த்தாலும் அதே இடத்தில்.

எழுதிவிடுகிறேன்.

சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து வேறு கரையில் இருந்த காலம். எங்கள் பகுதிக்குப் பொதுவில் ஒரு வலை தந்திருந்தார்கள். ஆள் மாறி ஆள் காவல். அன்று என் முறை. சாராயம் குடித்தேன். படுத்தேன். விடிய வலை இல்லை. காவலுக்கு நின்றவன் குடித்தான் என்று தெரிந்தால் படகில் என் பங்கு போய்விடும். மூன்று பிள்ளைகள். மீனவர் சங்கத் தலைவர் யாரைக் கண்டாய் என்று கேட்டார். அந்தோனியைக் கண்டேன் என்றேன். அவர் அன்று கரையால் நடந்து போனது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் கடிதம் எழுதினார். ஆட்கள் கூடுமுன் எனக்குத் தனியே வாசித்துக் காட்டினார். சரியோ என்று கேட்டுத் திரும்பவும் வாசித்தார். இரண்டு தரம். சரி என்றேன். பிறகு எல்லோருக்கும் முன்னால் பெருவிரலை மையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தோனியை ஒரு படகிலும் ஏற்றவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் கூலிக்குப் போனார். அடுத்த மாரியில் அவர் போன படகு திரும்பவில்லை. உடல் மட்டும் வந்தது. செத்தவீட்டில் அவர் மனைவி திரேசம்மாக்கா என் சட்டையைப் பிடித்து ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டா. “அதிலை என்ன எழுதியிருந்தது எண்டு எனக்குத் தெரியாது அக்கா” என்றேன்.

அக்கா நம்பினா. பிள்ளையும் நம்பிற்று. முப்பது வருடம். தலைவர் இறந்துவிட்டார். பழி அவர் தலையில். எழுத்துத் தெரியாதவன் என்று எல்லோருக்கும் என்மேல் இரக்கம். அந்த இரக்கத்துக்குள் இருந்து சாப்பிட்டேன், படுத்தேன்.

ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணித்தியாலம்.

பங்குனி 13, வெள்ளி

மீன் வாங்கத் துறைமுகம் போனேன். சூடை மட்டும்தான். படகுக்கு மறுபக்கம் பிலிப்பின் குரல், நான் நிற்பது தெரியாமல்: “வலைக்கள்ளன்ரை பெட்டை படிப்பிச்சு, சூசை அண்ணை கோயிலிலை வாசிக்கப்போறாராம். இனிப் பூசைக்கு நாங்களும் கொப்பியோடைதான் போகவேணும்.” சிரிப்பு.

இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அறிந்திருந்தேன். இன்று காதில் கேட்டேன்.

மீன் வாங்காமல் வந்தேன்.

பின்னேரம் சிலுவைப்பாதை. முடிய பாவசங்கீர்த்தனம். ஒவ்வொரு தபசுகாலமும் செய்கிறவன்தான். கோபம், குடி, பூசைக்குப் போகாதது என்று சொல்லுவேன். இதை மட்டும் எடுத்ததில்லை. இன்று இதை மட்டும் சொன்னேன்.

சுவாமி இளம் ஆள். முழுதும் கேட்டார். பிறகு: “ஆண்டவர் மன்னிப்பார் ஐயா. ஆனால் களவெடுத்த சாமானைத் திருப்பிக் குடுக்கவேணும். நீங்கள் எடுத்தது ஒருத்தற்றை பேர்.”

“செத்துப்போனார் சுவாமி.”

“பேர் சாகேல்லைத்தானே.”

கோயிலில் எல்லோரும் போனபிறகும் இருந்தேன். ஆண்டவரே, நீர் ஒளி என்று சின்ன வயதில் பாடமாக்கினேன். ஒளி கண்ணைக் கூசும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இந்த இருட்டில் எனக்கு எல்லா இடமும் தெரியும். வெளியில் ஒன்றும் தெரியாது. அதுதான் பயம்.

பங்குனி 14, சனி

மூன்று மணிக்கு வகுப்பு. மற்றவர்கள் போகும்வரை நின்றேன். ஜெசிந்தா வெண்கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டு, “வாசிச்சுக் காட்டுங்கோ ஐயா, பாப்பம்” என்றாள்.

“பிள்ளை, அந்தக் கடுதாசியை எனக்கு வாசிச்சுக் காட்டினவை.”

அவளுக்கு விளங்கவில்லை. “எந்தக் கடுதாசி?”

“கொப்பாவின்ரை. ரண்டு தரம் வாசிச்சவை. பொய் எண்டு தெரிஞ்சுதான் வைச்சனான். காவலிலை குடிச்சுப்போட்டுப் படுத்தது நான்.”

துணி அவள் கையில் அப்படியே. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாய்க் கேட்டாள்.

“நான் புது ஆக்களுக்கு ஒவ்வொருக்காலும் சொல்லேக்கை நீங்கள் அதிலைதானே இருந்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை.”

“எத்தினை தரம் சொல்லியிருப்பன்?”

அவள் கையை நீட்டினாள்.

“தாளைத் தாங்கோ. நாளைக்கு நீங்கள் வாசிக்கவேண்டாம்.”

கொடுத்தேன். எனக்கு வாசகம் பாடமாகிவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை.

சாப்பிடவில்லை. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. ஆனால் பாரம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

பங்குனி 15, ஞாயிறு

பூசை. கடைசி வரிசை வாங்கில் இருந்தேன்.

இரண்டாம் வாசகத்துக்கு ஜெசிந்தா போனாள். வெள்ளைச் சேலை. குரல் நடுங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரின் பூசைத் தாளில் நானும் விரல் வைத்துக் கூடவே போனேன். மறைவில் செய்ததைச் சொல்லவும் வெட்கம் என்ற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். கோயில் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். என் விரல் அந்தச் சொல்லின்மேல். பிறகு மிச்சத்தையும் வாசித்தாள், கடைசிவரை.

வெளியில் பிலிப்பு: “என்ன அண்ணை, பயந்து போனியளோ?”

“ஓம்” என்றேன்.

பூசையில் நற்கருணை எடுத்திருந்தேன். கை நீட்டும்போதே தகுதி இல்லை என்று தெரியும், சுவாமி தந்தார், எடுத்தேன்.

ஜெசிந்தா என் பக்கம் பார்க்காமல் போனாள். கோயில் கேற்றடியில் நின்று, திரும்பாமலே, “அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்கு வரட்டாம்” என்றாள்.

பங்குனி 16, திங்கள்

மேகம் போட்டது. மழை இல்லை.

பத்து மணிக்குத் திரேசம்மாக்கா வீடு. அக்கா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. இரும் என்று சொல்லவில்லை. நின்றேன்.

“பெட்டை சொன்னவள். உம்மடை வாயாலை சொல்லும்.”

சொன்னேன். ஒன்றும் விடவில்லை. சாராயம் எங்கே வாங்கினேன் என்பதும்.

“ரண்டு தரமோ?”

“ஓம் அக்கா.”

“நீர் விரலை வைக்கேக்கை அவர் உம்மைப் பாத்தவரோ?”

முப்பது வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. அந்தோனி மூன்று முழத் தூரத்தில் நின்றார். கோபமாய்ப் பார்க்கவில்லை. நான் வைக்கமாட்டேன் என்று நம்பினவர் போலப் பார்த்தார்.

“ஓம். பாத்தவர்.”

இலை ஆய்வது நிற்கவில்லை. “செத்தவீட்டிலை உமக்கு நான் தேத்தண்ணி ஊத்தித் தந்தனான்” என்றா.

மன்னிக்கவேணும் அக்கா என்றேன்.

“அது இப்ப என்ரை வாயிலை வராது. வந்தால் சொல்லி அனுப்புறன். வராட்டி இல்லை.” பிறகு: “அண்டைக்கு எத்தினை பேர் நிண்டவை?”

“இருவது பேர் மட்டிலை.”

“எல்லாருக்கும் முன்னாலைதானே என்ரை மனுசனைக் கள்ளனாக்கினனீர். உயிரோடை இருக்கிற ஒவ்வொருத்தரிட்டையும் போய்ச் சொல்லும். இப்பதான் எழுதத் தெரியுமே, பேரை எழுதிக்கொண்டு போம். மறந்துபோச்சுது எண்டு மட்டும் என்னட்டை வராதையும்.”

வீட்டுக்கு வந்து உடனே எழுதினேன்.

1. பிலிப்பு. அன்று பதினெட்டு வயது. துறைமுகம். அவன் சிரிப்பான், அல்லது அடிப்பான்.
2. அவன் தமையன் யோசேப்பு. படுக்கையில். காது மந்தம், உரத்துச் சொல்லவேண்டும். பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். கேட்கட்டும்.
3. பேர்னாந்து. கோப்பாயில் மகள் வீடு. பஸ்.
4. இராயப்பு. குருநகர். வீடு விசாரிக்கவேண்டும்.
5. எலிசபெத்தக்கா. நின்ற பெண்களில் இவ ஒருவதான் மிச்சம்.
6. செபமாலை. கனடா. தங்கச்சியிடம் நம்பர் கேட்கவேண்டும்.
7. வத்தாக்கு. அந்தோனியோடு கூடப் படித்தவர். அன்று அழுதவர் இவர் ஒருவர்தான். இவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏழு பெயர். எழுத மத்தியானம் முடிந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நான்கு கோடு வெறுமையாய் விட்டிருக்கிறேன். நாளை பிலிப்பு. நான் என்ன சொன்னேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கிழமை இந்தக் கோடுகளில் எழுதுவேன்.