வீட்டுக்கு ஒரு வாக்கு

14.11.1987, சனி

பாக்கியம், நான் உன் புருசன். அந்தக் காலத்து அமெரிக்காக்காரன் இல்லை. அங்கே முதலில் காணி உள்ளவனுக்குத்தான் வாக்காம். காணியில்லாத வெள்ளைக்காரன் போராடி வாங்கினானாம், வாங்கியதும் பெண்சாதியை மறந்துவிட்டானாம். இங்கிலீஷ் வகுப்பில் கேட்டதையெல்லாம் வந்து என் தலையில் கொட்டினாய்.

நாளைக்கு இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச்சங்கத் தேர்தல். வீட்டுக்கு ஒரு வாக்கு. அதை ஆம்பிளை போடுவது வழக்கம்.

"சங்கத்துக்கு வடை சுடுறது நான். வாக்கு மட்டும் உங்களுக்கோ?" என்றாய்.

"இஞ்சரப்பா, வடைக்கு வாக்குக் குடுத்தால் உளுந்தும் கேக்கும்."

நீ சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பயம் பிடித்தது. "சரி, என்ரை வாக்கை நீயே போடு. ஆனால்..." என்று தொடங்கினேன்.

"உங்கடை வாக்கு ஆருக்கு வேணும்? எனக்கெண்டு ஒண்டு வேணும். நாளைக்குக் கூட்டத்திலை எழும்பிக் கேக்கப்போறன்."

நான் காட்டும் ஆளுக்கே போடவேண்டும் என்பதைச் சொல்லி முடிக்குமுன்னே போய்ப் படுத்துவிட்டாய்.