கையெழுத்திடாத படிவம்

குன்னூர்,
நவம்பர் 16

அன்புள்ள கலைமதிக்கு,

நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை உன் நீட் கோச்சிங் விடுதியில் பேச விடும் பத்து நிமிடத்தில் பாதி, "சாப்பிட்டியா"விலேயே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. ஃபேக்டரிக்குத் தேயிலை வரத்துக் குறைவு. அம்மா போன பிறகு நீயாவது இருந்தாய். இப்போது வீட்டில் பேச ஆளில்லை. சோறு மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு வைக்கிறேன். மிச்சம் பக்கத்து வீட்டு மருதாம்பாள் அக்காவின் கோழிகளுக்குப் போகிறது. "உங்க ஊட்டுச் சோத்துல என் கோழியெல்லாம் கொழுத்துப் போச்சுங்க" என்கிறார்.

உன் சிநேகிதி மனிஷா மெடிக்கல் காலேஜிலிருந்து லீவில் வந்திருந்தாள். "கலைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க மாமா" என்றாள். நீட்டில் நீ 431, அவள் உன்னைவிட நாற்பது குறைவு. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்ததால் ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. உன்னை எட்டாவதோடு அங்கிருந்து பிடுங்கித் தனியார் பள்ளியில் போட்டவன் நான். நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அன்புடன்,
அப்பா ராஜசேகர்


நாமக்கல்,
டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்து மூன்று தடவை படித்தேன். அறையில் ஆறு பேர் இருக்கிறோம். தனியாக இருக்க வேறு இடமில்லை. ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் மார்க் முதல் நாளே தெரிந்துவிட்டது. பெயர் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

மாதிரித் தேர்வுகளில் 438, 445, 441. பிசிக்ஸ்தான் காலை வாருகிறது. இங்கே டிசம்பரிலும் ஃபேன் ஓடுகிறது. நம் ஊர் ஸ்வெட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பள்ளி மாற்றியதைப் பற்றி இனி எழுதாதீர்கள் அப்பா. மனிஷாவைப் பற்றியும் வேண்டாம்.

உங்கள்
கலை


நாமக்கல்,
ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் மார்க்கை மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். 467. போன வருடத்தைவிட முப்பத்தாறு அதிகம். இதற்கும் இடம் கிடைக்காது என்று சார் சொல்லிவிட்டார். பரீட்சை முடிந்தும் ஊருக்கு வராமல் இங்கே சின்ன வகுப்புகளுக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேனே, உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான். மூன்றாவது முறை எழுதுவதற்கான சேர்க்கைப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. அன்றைக்குப் பள்ளி மாற வேண்டும் என்று நான் அழுதது இங்கிலீஷ் மீடியத்துக்காக இல்லை. எப்போதும் மனிஷா முதல், நான் இரண்டாவது. அவள் இல்லாத வகுப்பு எனக்கு வேண்டியிருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ளும் போதெல்லாம் வாய்வரை வந்து நின்றுவிட்டது. என்னை மன்னித்துவிடுங்கள்.

கலை


குன்னூர்,
ஜூன் 24

அன்புள்ள கண்ணு கலைக்கு,

அது எனக்கு அன்றைக்கே தெரியும். ரேங்க் கார்டில் 'இரண்டு' என்று இருந்த இடத்தைத் தாள் கிழியும் அளவுக்குக் கிறுக்கி வைத்திருந்தாயே, அதில் கையெழுத்துப் போட்டவன் நான்தானே? தெரிந்துதான் மாற்றினேன். நீ முதலாவதாக வர வேண்டும் என்ற ஆசை உன்னைவிட எனக்குத்தான் அதிகம். பதிமூன்று வயதுப் பிள்ளைமேல் யாராவது பழி போடுவார்களா?

படிவம் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போடவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். போன வருடம் உன்னை ஒரு வார்த்தை கேட்காமலே போட்டுவிட்டேன். இந்தத் தடவை முதலில், வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வா. நாலு நாள் தூங்கு. பிறகு, "எனக்கு டாக்டர் ஆகணும்ப்பா" என்று நீயாகச் சொன்னால் அந்த நிமிடமே போடுகிறேன். வேண்டாமென்றால் அந்தத் தாளில் அடுப்பு பற்ற வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வை, மேட்டுப்பாளையம் தாண்டியதும் குளிரும். சனிக்கிழமையிலிருந்து கோழிக்குச் சோறு கிடையாது என்று மருதாம்பாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா