டேலியா பாத்தி ஓரம்

பிப். 5, வியாழன்
குளிர் விட்டுவிட்டது. வங்கியிலிருந்து நேரே பூங்கா. டெல்லி மயூர் விஹாரில் நான் ஃபுட்பால் பழக்கும் பெண்களுக்குக் கிடைத்திருப்பது நடைபாதைக்கும் டேலியா பாத்திக்கும் நடுவே ஒரு துண்டுப் புல்தரை. பந்து பாத்திக்குள் போனால், கடைசியாகத் தொட்டவள்தான் தோட்டக்கார மாலி பையாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவர வேண்டும். பிள்ளைகளே போட்ட சட்டம்.

அனு இன்றும் யாருக்கும் பந்து தரவில்லை. காலோடு ஒட்டவைத்தபடி நாலு பேரையும், வாக்கிங் வந்த ஓர் அங்கிளையும், அவர் நாயையும் தாண்டிப் போனாள். அழகுதான், என்ன பிரயோஜனம்? ஜெனிபர் வெடித்துவிட்டாள்: "ஆன்ட்டி, அடுத்த வாரம் மேட்சுக்கு அவ வந்தா நான் வரல. நாங்க சும்மா ஓடிக்கிட்டே இருக்கணுமா?"

நியாயம்தான். அனுவை உட்கார வைத்துவிடலாமா? பதினோரு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்ல!

நாளைக்கு வாங்க: பம்ப் ஊசி, தயிர்.

பிப். 7, சனி
பள்ளி மைதானம் ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தது. எவ்வளவு இடம்! இதுகளோ நடுவிலேயே மொய்த்துக்கொண்டு. அனு மூன்று பேரை ஏமாற்றிவிட்டு ஓரத்துக்கு வந்தாள். சட்டென்று திரும்பிக் கூட்டத்துக்குள்ளேயே போனாள். பந்து போச்சு.

"ஏன்டி திரும்புன? அங்க யாருமே இல்லியே!"

"செடி இருக்கும்ல ஆன்ட்டி..." திரும்பிப் பார்த்தாள். வெறும் புல். "அய்யோ!"

சிரித்து மாளவில்லை எனக்கு. தண்ணீர் குடிக்கும்போது மெல்லக் கேட்டேன், ஜெனிக்கு ஏன் பந்தே தருவதில்லை என்று.

"அவ பாத்திக்கிட்டயே நிக்கறா. போன தடவ பையா டாண்ட்டினப்ப திட்டு தாங்காம ரொம்ப அழுதா ஆன்ட்டி. அதான்."

திமிர் என்றல்லவா நினைத்திருந்தேன். மக்கு, மக்கு நான்.

பிப். 8, ஞாயிறு
மறுபடி பூங்கா. நல்ல வெயில். ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்: "இனிமே பந்து உள்ள போனா நான் போய் எடுப்பேன். திட்டு என்னோடது. ஓரத்துக்கு அடிங்க."

அனு தயங்கினாள். பிறகு தந்தேவிட்டாள், நேராக ஜெனிபரின் காலுக்கு. ஜெனிபர் எதிர்பார்க்கவே இல்லை. பந்து காலில் பட்டு டேலியாவுக்குள்.

நான் பெஞ்சிலிருந்து எழுவதற்குள் இரண்டும் பாத்திக்குள் இருந்தன. மாலி பையாவின் கத்தல் கேட் வரை கேட்டிருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு. வெளியே வந்த ஜெனிபரின் முழங்கால் எல்லாம் சேறு, தலையில் இதழ். கண்ணைப் பார்த்தேன். அழவில்லை.

"ஏய் அனு," என்றாள், "அடுத்ததும் எனக்கே குடு."