ஒன்றேகால் டன்

மார்ச் 3, செவ்வாய்

கப்பலின் எடை இருநூற்று எழுபத்தாறு டன். நேற்றைவிடப் பதினொன்று குறைவு. முன்பக்கத் துப்பாக்கிகள் இரண்டையும் கழற்றிவிட்டேன். நான் போகிற இடத்தில் சுடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

விண்மீன் மண்டலத்தின் மறு ஓரம். அறுபதாயிரம் ஒளியாண்டு. ஒரு தாவலுக்கு இப்போது நாற்பத்தொன்பது போகிறது, ஐம்பத்தைந்து வேண்டும். எடை குறையக் குறையத் தாவல் நீளும். கணினி விளையாட்டு என்றாலும் கணக்கு கணக்குதான். நாற்பத்தோரு வருடம் தராசும் எடைமேடையும் பழுதுபார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர யாரும் இல்லை என்பது வேறு விஷயம். மடியில் அகராதியை வைத்துக்கொண்டு திரையில் வருகிற ஒவ்வொரு ஆங்கிலப் பலகையாக நானே படித்துத் தெரிந்துகொண்டேன். எந்த விண்மீனில் எரிபொருள் அள்ளலாம், எதில் அள்ள முடியாது என்று நோட்டில் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

24ஆம் தேதி புறப்பாடு. அன்று எனக்கு எழுபத்தொன்று முடிகிறது. வீட்டில் இல்லாமலிருக்க அதைவிட நல்ல நாள் ஏது? திரும்பி வருவதற்குக் கணக்குப் போடவில்லை.

மார்ச் 5, வியாழன்

மறுபடியும் மாலை சரியாக நாலு பத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. மாதக்கணக்கில் இதே கூத்து. திரை கறுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. அகராதி வைத்துப் பார்த்தால், வேறொரு அமர்வு தொடங்கியதால் உங்கள் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அமர்வு என்றால் சபை கூடுவது என்றும் போட்டிருக்கிறது. விளையாட்டை நடத்துகிறவர்கள் தினமும் அந்த நேரத்தில் கூட்டம் போடுகிறார்கள் போல. போடட்டும். அதற்கு என்னை ஏன் எழுப்பி விரட்ட வேண்டும்?

பட்டறையிலும் இதே கதைதான். அதிகாரிகள் வந்து கூட்டம் என்றால் நான் வாசலில் நிற்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவன். உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்துகிறவன் முதலாளியின் மைத்துனன். முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே எடையைப் படித்துவிடுவான். 'முள் நிக்கட்டும்யா, என்ன அவசரம்' என்று நாற்பது வருடம் கத்தினேன். சீட்டில் கையெழுத்து கடைசிவரை அவனுடையதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

சரக்கு அடுக்குகளை எடுத்தாயிற்று. பெரிய எரிபொருள் தொட்டிக்குப் பதில் சின்னது. கவசத்தையும் இலேசானதாக மாற்றினேன். இருநூற்று ஐம்பத்தெட்டேகால்.

மிச்சம் இருந்தது விமானிக்குப் பக்கத்து இருக்கை. ஒன்றேகால் டன்! இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டுக்கொண்டேன், யார் உட்காரப் போகிறார்கள்? கழற்றிவிட்டேன். இருநூற்று ஐம்பத்தேழு. தாவல் ஐம்பத்தைந்து புள்ளி பூஜ்யம் மூன்று.

நினைத்ததை எட்டிவிட்டேன். கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை.

ஒரு விண்மீனை முதலில் போய்ப் பார்க்கிறவர் பெயரை வரைபடத்தில் எழுதிவிடுவார்கள். அழியாது. ஆனால் என் பெயர் வராது. 'குண்டுமணி' என்றுதான் வரும். கணினி, விளையாட்டில் நுழைகிற கணக்கு, கப்பல் எல்லாம் மகள் வெளிநாடு போனபோது விட்டுவிட்டுப் போனவை. பொன் நிறுக்கிற அந்தச் சிவப்பு விதையின் பெயரைச் சின்ன வயதில் அவளுக்கு வைத்தவன் நான்தான். அதை அவள் விமானியின் பெயராகப் போட்டிருக்கிறாள், மாற்ற முடியவில்லை. ஆக, இங்கேயும் உழைப்பு என்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது.

மார்ச் 9, திங்கள்

இன்று மனிதர்களிடம் பேசிய வார்த்தைகள் இரண்டு, பால்காரரிடம்: "ஒண்ணு போதும்." கப்பலிடம் எத்தனை என்று எண்ணவில்லை.

மார்ச் 12, வியாழன்

இணைய இணைப்புக்காரரை வரவழைத்தேன். பாதி வழியில் இப்படித் துண்டித்தால் எங்கே போய் விழுவேன்? கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார், செருகிப் பார்த்தார், எழுந்து கைதட்டித் தூசியை உதறினார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்ல ஐயா. வேற யாரோ உங்க—"

"கோளாறு இல்லன்னா நீ எதுக்கு வந்த?"

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். சொல்றத முழுசா கேளுங்க…"

"கிளம்பு."

படியிறங்கும்போது "நல்ல பெரியவர்" என்று முணுமுணுத்தார். காது நன்றாகக் கேட்கிறது எனக்கு.

மார்ச் 14, சனி

ஜன்னல் ஓரம் இரண்டு நாற்காலி. ஒன்று மகளுடையது, அதில் துவைத்த துணியை மடித்துப் போடுகிறேன். அப்படியே எட்டு மாதம் ஆகிவிட்டது.

போன ஜூலையில் அவள் அந்தத் தூர தேசத்திலிருந்து பேசினாள். வழக்கமான பேச்சு. எங்களோடு வந்து இருங்கள், தனியாக ஏன் கிடக்கிறீர்கள். நான் முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவளுக்கும் குரல் ஏறியது. "அப்பா, நீங்க வர்றது எங்களுக்கு ஒரு பாரமா" என்றாள்.

பாரம்! அந்தச் சொல் வந்ததும் போனை வைத்துவிட்டேன்.

எடையை வைத்துப் பிழைத்தவனிடம் சொல்கிற சொல்லா அது? அம்மா இல்லாத பிள்ளை என்று ஏழு வயதிலிருந்து தோளில் சுமந்தேனே, என்றைக்காவது நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேனா? அவள் எண்ணிலிருந்து எது வந்தாலும் என்னை எட்டாதபடி அன்றைக்கே அடைத்துவிட்டேன். எப்படி அடைப்பது என்பதையும் நானேதான் கற்றுக்கொண்டேன்.

இன்னும் பத்து நாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வழியைக் கப்பலின் வரைபடத்தில் போட்டு, மேலே '24 புறப்பாடு' என்று குறித்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

காய்ச்சல். கணினி பக்கம் போகவில்லை.

மார்ச் 19, வியாழன்

கீழ்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு கிண்ணம் சூப்பும் மாத்திரையும். எனக்கு உடம்புக்கு முடியாதது இவருக்கு எப்படித் தெரியும்?

"உங்க பொண்ணு எனக்கு போன் பண்ணிச்சு. மூணு நாளா நீங்க—"

"அவளப் பத்தி நான் கேட்டேனா?"

"கேக்கலன்னா விடுங்க. மாத்திரையையாவது முழுங்குங்க. இல்ல அதுக்கும் அகராதி பாக்கணுமா?"

சூப்பில் உப்பு சரியாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

எழுந்து உட்கார்ந்தேன். கப்பலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எடை. இருநூற்று ஐம்பத்தெட்டேகால். ஒன்றேகால் டன் கூடியிருக்கிறது!

நோட்டைப் புரட்டினேன். நான் எழுதியது இருநூற்று ஐம்பத்தேழுதான். தவறாக எழுதுகிற ஆள் இல்லை நான். ஒன்றேகால் டன் என்ன என்று யோசிக்க அரை நொடிகூட ஆகவில்லை. விமானி அறைக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்து இருக்கை மறுபடி பொருத்தப்பட்டிருந்தது.

வெளியே வந்து கப்பலைச் சுற்றிப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் பெயர்ப்பலகை. அதில் பெயரே வைக்காமல் விட்டிருந்தேன். இப்போது ஆங்கில எழுத்தில் தமிழ்: 'அப்பா போன் எடுங்க'.

எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. நாலு பத்துக்குத் திரை கறுத்தது. அதே வரி. வேறொரு அமர்வு. இந்தத் தடவை அகராதியில் முதல் பொருளையே பார்த்தேன். அமர்வு: உட்கார்தல்.

கூட்டமும் இல்லை, சபையும் இல்லை. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். தினமும் ஒருத்தி வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கப்பல் நேற்றைக்கு இருந்ததுபோல் இருக்கிறதா, ஏதாவது கழன்றிருக்கிறதா, வழி கொஞ்சம் நீண்டிருக்கிறதா என்று. மாறியிருந்தால் அப்பா இருக்கிறார். மூன்று நாள் ஒன்றும் மாறவில்லை என்றதும் கீழ்வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள்.

இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே?

மார்ச் 22, ஞாயிறு

போன் எடுக்கப்போவதில்லை. ஆனால் கேட்டவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமல்லவா. பலகையில் இருபத்திரண்டு எழுத்துதான் கொள்ளும். 'காய்ச்சல் போச்சு' என்று எழுதினேன். இருக்கையையும் கழற்றினேன்.

நாலு பத்துக்கு வெளியே தள்ளியது. நாலே காலுக்குத் திரும்பி நுழைந்தேன்.

'டாக்டர பாத்தீங்களா'. இருக்கை மறுபடி உள்ளே.

பிடிவாதத்தைப் பார். யாரைக் கொண்டு பிறந்ததோ!

மார்ச் 23, திங்கள்

காலையில் இருக்கையை மறுபடி கழற்றினேன். 'பாரம் குறைக்கிறேன்' என்று பலகையில் எழுதிவைத்தேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். சுருக்கென்று தைக்கட்டும்.

இன்று அவள் ஐந்து நிமிடத்தில் போகவில்லை. நாலே காலுக்கு நுழைந்தேன், தள்ளியது. நாலரைக்கும் தள்ளியது. இருபது எழுத்துக்கு அவ்வளவு நேரமா? ஐந்து மணிக்குத்தான் உள்ளே விட்டது.

'பாரமா இருக்காதுப்பா'.

புரியவில்லை. எது இருக்காது? இருக்கையா? மறுபடி படித்தேன். வாய்விட்டுப் படித்தேன். அப்போதுதான் அதற்கு முன்னால் இருக்கிற பாதி, எட்டு மாதமாக என்னிடமே இருந்த பாதி, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா, நீங்க வர்றது எங்களுக்கு ஒரு பாரமா

இருக்காதுப்பா.

கடைசிச் சொல் வருவதற்குள் வைத்துவிட்டேனா? ஒரே ஒரு சொல்லுக்குள்ளா?

முத்திரை குத்துகிற அந்த மைத்துனனை நாற்பது வருடம் திட்டினேன். நான் என்னடா செய்தேன்? முள் இங்கேயும் அங்கேயும் ஆடிக்கொண்டிருக்கும்போதே படித்து, முத்திரையும் குத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எட்டு மாதம்டா. முட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

எடை இருநூற்று ஐம்பத்தெட்டேகால். தாவல் ஐம்பத்துநாலு புள்ளி ஏழு ஏழு. ஐம்பத்தைந்து வரவில்லை. வழியில் ஐந்தாறு தாவல் கூடும், அவ்வளவுதான்.

காலையில் கீழ்வீட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன். சூப்பில் உப்பு சரியாக இருந்தது என்று சொன்னேன். "அதைச் சொல்ல அஞ்சு நாளா?" என்றார்.

ஜன்னல் ஓர நாற்காலியிலிருந்த துணியை அலமாரியில் வைத்தேன். போனில் அவள் எண்ணுக்குப் போட்டிருந்த அடைப்பை எடுத்தேன். போட்டதைவிட எடுப்பது கடினம், எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அரை மணி நேரம் தேடினேன். பலகையில் 'போன் எடுக்கறேன்' என்று எழுதிவிட்டு, யாரும் தள்ளுவதற்கு முன்னால், மூன்றே முக்காலுக்கு நானே எழுந்து வெளியே வந்தேன்.

நாலு பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

"அப்பா?"

"ம்."

"இன்னிக்கி கிளம்பறதா இருந்தீங்கல்ல, வழியெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க, பாத்தேன். கப்பல் ஏன் இன்னும் அங்கயே நிக்குது? நான் அன்னிக்கி என்ன சொல்ல வந்தேன்னா, அப்பா, நீங்க தனியா…"

அங்கே நிறுத்தினாள். எனக்கு நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.