கவுன்ட் சரியாகத்தான் இருந்தது

லேப் இழுப்பறையில் பஞ்சு தேடியபோது உன் நீல இன்ஹேலர் கையில் தட்டுப்பட்டது. மூடியில் உன் ஸ்டிக்கர் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ட இடத்திலெல்லாம் பொட்டை ஒட்டி வைக்கிற ஆள் நீ. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவோமே. நீ பெயின்ட் கம்பெனிக்கு, நான் ரத்தம் எடுக்க. மழைக்காலம் வந்தால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பைத்தியம்: டெங்கு பயத்தில் பிளேட்லெட் பார்ப்பது, பப்பாளி இலையை அரைத்துக் குடிப்பது. பிளேட்லெட் சரியாக இருந்தால் உடம்பே சரி. ஆஸ்துமாக்காரி உனக்கும் அதே நம்பிக்கை. அன்று ஷிப்ட் முடிந்து இரைக்க இரைக்க வந்து கையை நீட்டினாய்.

"இன்னாடி, பிளேட்லெட் எவ்ளோ கீது?"

"ரெண்டரை லட்சம். கல்லு மாரி கீற. உனக்கு ஒண்ணும் இல்லடி."

"அப்ப இது இன்னாத்துக்கு? நீயே வெச்சிக்கோ" என்று இன்ஹேலரை என் மேசையில் போட்டாய். படித்தவள் நான். துரத்திக்கொண்டு வந்து உன் பையில் திணித்திருக்க வேண்டாமா? சிரித்துக்கொண்டே இழுப்பறையில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை, நான் லீவு போட்டிருந்த அன்று, ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சு முட்டி உட்கார்ந்தாயாம். பையைத் துழாவிக்கொண்டே இருந்தாயாம். அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இத்தனை நாளும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: ரத்தம் வேறு, மூச்சு வேறு; நான் எண்ணியதில் தப்பில்லை. இன்று காலை எங்களுக்கு வகுப்பெடுத்த டாக்டரம்மா அதையும் பிடுங்கிக்கொண்டார். "பிளேட்லெட்னா ரத்தம் உறையறதுக்கு மட்டும்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா? ஆஸ்துமாவுல அதுங்களும் நுரையீரல்ல போய்க் கூடுது. அதுங்க விடுற சரக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். கவுன்ட் நார்மலா இருந்தாலும்தான்."

நல்லவை என்று நான் எண்ணிச் சான்று கொடுத்தவையுமா உன் மூச்சை நெரித்தன?

மதியம் ஒரு அம்மா கவுன்ட் கேட்டு வந்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்ல வாயெடுத்தவள், "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உன் இன்ஹேலரை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வைக்குமுன் காதருகே குலுக்கிப் பார்த்தேன்.

உள்ளே மருந்து இருக்கிறதடி.