நாலாவது ஷிஃப்ட், அச்சுப் பதிப்பு

ஜூன் 9, திங்கள்

குழந்தை இன்று ராகிக்கூழைத் துப்பாமல் விழுங்கினாள். அந்த சந்தோஷம் மத்தியானம் வரைதான். தாராவித் தோழி ஹபீபா ஒரு படம் அனுப்பினாள். பளபளவென்று ஒரு பெட்டி, மேலே மில் புகைபோக்கி. "நாலாவது ஷிஃப்ட் — அச்சுப் பதிப்பு. எழுதியவர்: அஷ்வத்."

என் கதை. மும்பைப் பரேலில் மூடிக் கிடக்கும் ஒரு துணி மில்லுக்குள் நுழைந்து, செத்துப்போன தொழிலாளர்களின் ஷிஃப்ட் முடிவதற்குள் வெளியே வரவேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பகடை உருட்டி ஆடுகிற சாகசம். வயிற்றில் இவளை வைத்துக்கொண்டு எழுதியது. புத்தகமாகப் போடு என்று நான் கெஞ்சியபோது இதே அஷ்வத், பதிப்பாளர் ஐயா, என்ன சொன்னார்? "பத்து, யாரு இப்போ பேப்பர் வாங்கறா? பிடிஎஃப் போதும். கோடவுன்ல கரையானுக்குப் போடவா?" சரி என்று டிஜிட்டலில் மட்டும் வந்தது. ஆனால் பத்மஜா என்று என் பெயரில் வந்தது.

இன்று அவன் தளத்தில் தேடினேன். என் பிடிஎஃப் இருந்த பக்கமே இல்லை. ஒரு க்ளிக்தான் — நான் எழுதியதே இல்லை என்று ஆகிவிட்டது. பெட்டியின் பின்புறம் நன்றி வரிசையில் பொடி எழுத்தில் இருக்கிறேன். அவன் பூனைக்கு அடுத்தபடியாக.

ஜூன் 10

அவனைக் கூப்பிட்டேன்.

"அரே ரிலாக்ஸ், பத்து. ஐடியா உன்னுது, ஒத்துக்கறேன். பிரிண்ட்டுக்காக நான்தானே உக்காந்து திருப்பி எழுதினேன்? டிஜிட்டல் வேற, புக் வேற."

"நாலு வரி மாத்தினா உன் கதை ஆயிடுமாடா?"

"நீ இப்போ குழந்தையப் பாரு. அடுத்த புக் சேந்து பண்ணலாம்."

குழந்தையப் பாரு. பாக்கறேன்டா. உன்னையும் பாக்கறேன்.

ஜூன் 14

என்ன துணிச்சல்! அச்சுக்குப் போகும் ஃபைலை எனக்கே அனுப்பியிருக்கிறான். "உன் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தடவை பாத்துடு, ப்ளீஸ்."

பார்த்தேன். மில்லின் இரண்டாம் மாடி வரும் பக்கத்தில் கை நின்றது.

இது என் முதல் வரைவு. அதில் கொதிகலன் அறையின் சாவி காவல்காரப் பிசாசின் இடுப்பில் இருக்கும். பிசாசோ அந்த அறையைத் திறந்த பிறகுதான் வரும். அதைத் தாண்ட வேறு வழி கிடையாது. ஹபீபா தன் கூட்டத்தோடு ஆடிப் பார்த்தபோது எல்லோரும் அந்தக் கதவின் முன்னால் மாட்டிக்கொண்டார்கள். "ஏளா, சாவிய உள்ள வச்சிப் பூட்டிட்டு எங்கள வெளிய நிப்பாட்டிட்டியே!" என்று தாராவி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகுதான் சாவியை இடம் மாற்றினேன். டிஜிட்டலில் வந்தது அந்தத் திருத்திய கதை.

அதை இவன் படிக்கவே இல்லை. நான் அவனுக்கு அனுப்பிய முதல் வரைவு வேர்ட் ஃபைல், திருத்தியது பிடிஎஃப். வெட்டி ஒட்ட எது வசதியோ அதை எடுத்துக்கொண்டான்.

டிஜிட்டல் என்றால் டீ கொதிப்பதற்குள் மாற்றிவிடலாம். அச்சில் ஏறினால் ஏறியதுதான்.

இரண்டு காற்புள்ளி சேர்த்தேன். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். "மத்தபடி சூப்பர்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 15

இந்தக் கோபம் தாய்ப்பாலில் இறங்குமா? நெட்டில் பாதிப் பேர் இறங்கும் என்கிறார்கள்.

ஜூலை 3

குழந்தைக்கு ஜுரம். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. டாக்டர் வைரல் என்கிறார். எனக்குத்தான் வேறு என்னென்னவோ தோன்றுகிறது.

என் கணவன் சங்கரன் சொல்கிறான், "அந்தச் சாவி விஷயத்த அவனுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடேன். உனக்கே மனசு லேசாகும்."

"உன் புரமோஷன இன்னொருத்தன் பேர்ல போட்டா நீ சொல்லுவியா?"

அவன் துணியை நனைத்துக் கொடுத்தான்.

முருகா, ஜுரம் இறங்கட்டும். சொல்லிடறேன். சத்தியமா.

ஜூலை 5

இறங்கிவிட்டது. சேடா நகர் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தேன். நாளைக்கு அச்சு தொடங்குகிறதாம்.

சொல்லிடறேன் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எப்போது என்று சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாஷியில் வெளியீடு. ஒரு கஃபேயில் நல்ல கூட்டம். ஆட்டத்தை அஷ்வத்தே நடத்தினான். ஹபீபா ஆட உட்கார்ந்தாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

கொதிகலன் அறை வந்தது.

"பூட்ட ஒடைக்கிறோம்."

"உடையாது. அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்பம் சாவி எங்க இருக்கு?"

"காவல்காரன்கிட்ட."

"அவன் எங்க?"

அஷ்வத் பக்கம் புரட்டினான். மறுபடி புரட்டினான். "கதவைத் தொறந்தா... வருவான்."

மேசை சிரித்தது. ஹபீபா மட்டும் சிரிக்கவில்லை. தேன் ஒழுகக் கேட்டாள்: "அண்ணே, நீங்கதான எழுதுனீங்க? எழுதுனவுகளுக்கே வழி தெரியாதா?"

"அரே பாஸ், நாங்க வடா பாவ் சாப்பிட்டு வரோம், அதுக்குள்ள தொறந்து வைங்க" என்றான் ஒருவன்.

அஷ்வத் தலை நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன். எத்தனை மாதம் கழித்து இவ்வளவு பசித்தது எனக்கு! இரண்டு சமோசா தின்றேன்.

ஆகஸ்ட் 12

அவன் நீக்கியது தன் தளத்திலிருந்து மட்டும்தான். போன வருஷம் வாங்கினவர்கள் ஃபோனில் என் கதை அப்படியே இருக்கிறது. ஒருத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருக்கிறார் — சாவி சரியான இடத்தில், முதல் பக்கத்தில் பத்மஜா. கீழே ஒரே கேள்வி: அப்ப பொட்டில இருக்கற பேரு யாருது?

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. குழந்தைக்கு நலங்குமாவு போட்டுக் குளிப்பாட்டினேன், நிதானமாக.

ஆகஸ்ட் 14

இன்று ஃபோனை எடுத்தேன். "திருத்தின பக்கத்தக் குடு பத்து, பெட்டிக்குள்ள வெச்சுடறேன். கடைக்காரா எல்லாம் திருப்பி அனுப்பறா." தருகிறேன் என்றேன். கூடவே என் பெயர் அச்சடித்த சீட்டு, ஒவ்வொரு பெட்டியிலும், அவன் பெயருக்கு மேலே. ஒட்டுவது என் வீட்டில். ஒட்டுவது அவன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எங்கள் திலக் நகர் வீட்டு ஹால் முழுக்கப் பெட்டி. அஷ்வத் காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து ஒட்டுகிறான். சங்கரன் கூட உட்காரப் போனான். "நீ காபி போடு போறும்" என்றேன்.

சாயங்காலம் அஷ்வத் தலை குனிந்தபடியே கேட்டான். "அன்னிக்கு ஃபைலப் பாத்தியே பத்து. அது உன் கண்ணுலயே படலையா?"

"பட்டுது" என்றேன்.

அவன் கை நின்றது. என்னைப் பார்த்தான். அப்புறம் அடுத்த சீட்டை எடுத்து ஒட்டினான். அது கோணலாகப் போயிற்று.

உரித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னேன்.