ஏதென்ஸ் சந்தையில் கண்ட சட்டித் துண்டுகள்

பிளேஸ்டோ,
ஞாயிறு

இஞ்சாருங்கோ குடும்பத் தலைவரே,

சேர்ச் பங்குச் சனத்தோட கிரேக்க யாத்திரை போய் வந்திட்டன். ஏதென்ஸில பழைய சந்தையடியையும் பாத்தன். நீங்கள் மேடைக்கு மேடை புளுகிற சனநாயகம் பிறந்த இடம். இப்ப இடிஞ்ச தூணும் பூனையளும்தான்.

அங்கை இருக்கிற மியூசியத்தில உடைஞ்ச சட்டித் துண்டுகள் வைச்சிருக்கினம். ஊரைவிட்டுக் கலைக்க வேண்டிய ஆளின்ரை பெயரை அதிலதான் கீறி வாக்குப் போடுவினமாம். கனக்கத் துண்டுகளை ஒரே ஆளே எழுதிச் சனத்திட்டைக் குடுத்ததாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நாங்கள் பெத்த அஜித்தா தான் விரும்பின பொடியனைக் கலியாணம் முடிச்சதுக்கு, "இனி அவள் எங்கட பிள்ளை இல்லை" எண்டு எழுதி, ரொறன்ரோவில இருக்கிற தம்பிக்கும் பாரிஸ் மச்சாளுக்கும் அனுப்பி, குடும்ப வட்ஸ்அப் குறூப்பில அவையளே சொன்னமாதிரிப் போடுவிச்ச வீரனெல்லோ நீங்கள்!

ஆனா அவங்கள் உங்களைவிட மனுசர். கலைச்ச ஆள் பத்து வருசம் கழிச்சுத் திரும்பி வரலாமாம்.

பொம்பிளையளுக்கு அங்கை வாக்கில்லையாம். கூட வந்த டொலறஸ் "இதென்ன அநியாயம்" எண்டாள். மகளைத் தள்ளிவைக்கேக்கை என்னட்டை நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?

எயார்போட்டால நேர மகளிட்டை வந்திட்டன். இல்ஃபோர்டு வீட்டுக்கு இனி வரமாட்டன். அதையும் நீங்களே எழுதி, எல்லாருக்கும் குடுத்துக் குறூப்பில போடுவியுங்கோ.

இப்படிக்கு,
அவளின்ரை அம்மா